லேஸ் இல்லாத ஷூ

அத்தியாயம் பதினான்கு

அன்று அம்மா விழவில்லை. உட்கார்ந்தாள்.

மகள் நடத்தும் உடற்பயிற்சி வகுப்பின் கடைசி வரிசையில், ஆட்டத்துக்கு நடுவில், யாரோ நாற்காலி இழுத்துப் போட்டது போல மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. முன்னால் நின்ற மகளுக்கு எதுவும் தெரியவில்லை. வழக்கம் போல மைக்கில் கத்திக்கொண்டிருந்தாள்: "யாரும் நிக்காதீங்க! கால் அசைஞ்சுக்கிட்டே இருக்கணும்!"

அந்த ஒரு வாக்கியம்தான் இந்த வாரம் முழுக்க அவளைத் தூங்கவிடவில்லை.

இதயத்துக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். ஸ்டென்ட் வைத்தார்கள். "சரியான நேரத்துக்குக் கொண்டு வந்துட்டீங்க" என்று டாக்டர் சொன்னார், நர்ஸ் சொன்னார், பக்கத்துக் கட்டில்காரியின் தம்பி கூடச் சொன்னான். கொண்டு வந்தவள் அவள்தான். அந்த இடம் வரை ஓட வைத்தவளும் அவள்தான். அதை யாரும் சொல்லவில்லை.

இன்று அம்மா வீடு திரும்புகிற நாள்.

காலையிலேயே தலை சீவி, பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, கட்டில் விளிம்பில் பயணி மாதிரி உட்கார்ந்திருந்தாள் அம்மா. பஸ் டிப்போவில் டிக்கெட் கவுன்டரில் வேலை பார்ப்பவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே கண்ணாடிக் கூண்டு, அதே சுழல் நாற்காலி. கண்ணாடியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகப் பேசிப் பேசி, வீட்டிலும் அவள் பேச்சு சுருக்கமாகத்தான் இருக்கும்.

"ஜன்னல் ஓரம் கெடச்சுது. முன்பதிவு பண்ணாம வந்தவளுக்கு இதுவே பெருசு" என்றாள், கட்டிலைத் தட்டிக் காட்டி.

மகள் சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

அவள் கைபேசி அதிர்ந்தது. வகுப்பின் குழுவில் செய்தி. *டீச்சர், அம்மா எப்படி இருக்காங்க? கிளாஸ் மறுபடி எப்போ?*

"யாரு?"

"கிளிப் அக்கா."

"அவளுக்கு என்ன அவசரம்? மொதல்ல போய் முடியை வெட்டிக்கச் சொல்லு" என்றாள் அம்மா.

கடைசி வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்து இடம் அந்தக் கிளிப் அக்காவுக்கு. ஆட்டத்தின் நடுவே அடிக்கடி அவளுக்கு முடி அவிழும். நின்று, கிளிப்பை எடுத்து, வாயில் கவ்வி, கூந்தலைச் சுருட்டி, மறுபடி மாட்டுவாள். வகுப்பே வைத்த பெயர் அது.

மகள் பதில் எழுதவில்லை. வகுப்பை மூடிவிடுவது என்று மூன்றாம் நாளே அவள் முடிவு செய்துவிட்டாள். சொல்வதற்குத்தான் வார்த்தை கிடைக்கவில்லை.

அப்பா வந்தார். தோளில் கருவிப்பை. லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் லிஃப்ட் ஏறும் சத்தத்தைத்தான் கேட்பார். ஊரையே மாடி ஏறாமல் காப்பாற்றுவது அவர் தொழில். "லிஃப்ட்டில் போகாதீங்க, படி ஏறுங்க" என்று நாற்பது வயது தாண்டிய பெண்களிடம் சொல்வது மகளின் தொழில். "எங்க வீட்டுல ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி ரெண்டும் இருக்கு" என்று அம்மா டிப்போவில் சொல்லிச் சிரிப்பாள்.

இந்த வாரம் எதிர்க்கட்சியோடு ஆளுங்கட்சிக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

"பில் கட்டியாச்சான்னு உன் பொண்ணைக் கேளு" என்றார் அப்பா, அம்மாவைப் பார்த்து.

"கட்டியாச்சு" என்றாள் மகள், தரையைப் பார்த்து.

"கட்டியாச்சாம்" என்றாள் அம்மா. "இதுக்கு நடுவுல எனக்கு ஒரு கவுன்டர் போட்டுக் கொடுங்க."

அப்போதுதான் பிசியோ வந்தாள். பிசியோதெரபிஸ்ட் என்று முழுதாக யாரும் சொல்வதில்லை. சின்ன வயது, வேகமான நடை, கழுத்தில் நிறுத்துக் கடிகாரம்.

"கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு நடைம்மா. இந்த வராந்தாவுல போயிட்டுப் போயிட்டு வரணும். எவ்வளவு தூரம் முடியுதுன்னு பாத்தாத்தான் வீட்டுல என்ன செய்யலாம்னு சொல்ல முடியும்."

"நடையா?" என்றார் அப்பா. "ஆடி ஓடித்தானே இங்க வந்து படுத்திருக்கா! இனிமே ஆட்டமும் கெடையாது, ஓட்டமும் கெடையாது."

"நடக்காம படுத்திருந்தாத்தான் ஐயா ஆபத்து அதிகம்."

"ஓவர்லோடு ஆனா லிஃப்ட்டு மணி அடிக்கும். கதவு மூடாது. எடத்தை விட்டு நகராது. மனுஷிக்கு அப்படி ஒரு மணி வைக்கலியேம்மா."

"வச்சிருந்தா மொதல் ஆளா வந்து நீங்கதான் அதை ஆஃப் பண்ணியிருப்பீங்க" என்றாள் அம்மா. "ஷூவை எடுடி."

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று கழற்றிக் கொடுத்த பொருள்கள் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தன. மகள் ஷூவை எடுத்துக் கீழே வைத்தாள். சாம்பல் நிறம். புதுசு மாதிரியே இருந்தது. அம்மா கால்களை நுழைத்தாள். இழுத்து மாட்டினால் போதும், முடிச்சு கிடையாது.

வராந்தாவில் ஒரு முனையில் நாற்காலி. மறுமுனையில் குடிதண்ணீர்க் குழாய். தரையில் மஞ்சள் கோடு.

"மூச்சு வாங்கினா நில்லுங்க. சுவத்துல சாஞ்சுக்கலாம், நாற்காலியில உக்காரலாம். நின்னா ஃபெயில் கெடையாது, புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

அம்மா நடந்தாள். முதல் நடையில் டிப்போவைச் சுற்றிப் பார்க்க வந்த அதிகாரி மாதிரி இருபுறமும் எட்டிப் பார்த்துக்கொண்டு போனாள். இரண்டாவதில் கைகள் வீச ஆரம்பித்தன. மூன்றாவதில் முகம் சற்றே இறுகியது. தண்ணீர்க் குழாய்க்கு இரண்டடி முன்னால் நின்றாள்.

நின்று, குனிந்து, ஒரு முழங்காலை மடித்து, வலது ஷூவைத் தொட்டாள்.

விரல்கள் தேடின. வழவழப்பான துணியின் மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தன. இல்லாத ஒரு கயிற்றை இழுத்தன. இல்லாத ஒரு முடிச்சைப் போட்டன. தோள்கள் மட்டும் ஏறி ஏறி இறங்கின. பிறகு அம்மா எழுந்தாள். யாரும் பார்க்காதது போல நடையைத் தொடர்ந்தாள்.

பிசியோவின் கண் கடிகாரத்தில் இருந்தது. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

மகள் பார்த்தாள்.

சில விஷயங்கள் புரியும்போது சத்தம் வருவதில்லை. எங்கோ அடியில் ஒரு தாழ்ப்பாள் விலகுகிறது, அவ்வளவுதான். வீட்டுக்குள்ளிருந்து எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்து நம் எதிரில் நிற்கிறது.

அம்மாவின் பழைய ஷூவில் லேஸ் இருந்தது. வகுப்பில் பாட்டுக்குப் பாட்டு அது அவிழும். அம்மா குனிந்து கட்டுவாள். கட்டி எழுந்து கொஞ்ச நேரம் ஆடினால் மறுபடி அவிழும். ஒரு நாள் மகளுக்குப் பொறுமை போய்விட்டது. மைக்கிலேயே சொன்னாள்: "பின் வரிசை! ஒண்ணாங்கிளாஸ் பாப்பாவுக்கு லேஸ் கட்டத் தெரியலியா?" மொத்த ஹாலும் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

அடுத்த வாரம் எல்லோர் முன்னாலும் இந்தச் சாம்பல் ஷூவைப் பரிசாகக் கொடுத்தாள். கை தட்டினார்கள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கட்டவே வேண்டாமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்மா. இனிமே நடுவுல நிக்கவே வேண்டியதில்ல."

அதை அம்மாவின் சந்தோஷம் என்று அவள் நினைத்திருந்தாள். கேள்வி என்று இப்போதுதான் தெரிந்தது.

அம்மாவின் லேஸ் எந்த நாளும் தானாக அவிழ்ந்ததே இல்லை.

நடை முடிந்தது. பிசியோ எதையோ கணக்கிட உள்ளே போனாள். அப்பா மருந்து வாங்கக் கீழே போனார். வராந்தாப் பெஞ்சில் இருவர் மட்டும்.

"அம்மா."

"என்னடி?"

"எத்தனை நாளா?"

"எது எத்தனை நாளா?"

"லேஸ்."

அம்மா தன் பாதங்களைப் பார்த்தாள். பஸ் போன பிறகு வந்து நிற்கும் பயணியை அவள் அப்படித்தான் பார்ப்பாள். கோபமில்லாமல், உதவ முடியாமல்.

"கண்டுபிடிச்சிட்டியா" என்றாள்.

"சொல்லும்மா."

"மூச்சு வாங்கும். தாடை இழுக்கும், பல்லுவலி மாதிரி. குனிஞ்சு கொஞ்ச நேரம் இருந்தா விட்டுடும். எல்லாரும் ஆடிக்கிட்டு இருக்கும்போது நடுவுல சும்மா நின்னா நல்லாவா இருக்கும்? அதான் கைக்கு ஒரு வேலை வச்சுக்கிட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே."

"எப்ப?"

"முதுகு வலிக்குது, தோளு வலிக்குதுன்னு சொன்னேன். நீ அடுக்களையில நின்னு தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்த. அது நல்ல வலி, தசை வேலை செய்யுதுன்னு அர்த்தம், வலிச்சா சந்தோஷப்படுன்னு சொன்ன."

மகளுக்கு ஞாபகம் வந்தது. அன்று அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வகுப்பில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருத்தியிடமும் சொல்லுகிற வாசகம். சொல்லிச் சொல்லி நாக்கிலேயே தங்கிவிட்ட வாசகம்.

"அதனால சந்தோஷப்பட்டேன்" என்றாள் அம்மா.

குத்திக் காட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். அம்மா நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"முடியலைன்னா உக்காந்திருக்கலாமேம்மா. யாரு என்ன சொல்லப் போறாங்க?"

"டீச்சரோட அம்மாவே உக்காந்துட்டான்னா மத்தவளுக எத்தனை நாளைக்கு வருவாளுக? நீ அந்த ஹாலைப் பிடிக்க எவ்வளவு அலைஞ்சேன்னு எனக்குத் தெரியும். அதோட, வரிசையில ஆள் நிக்கும்போது கவுன்டரை மூடி எனக்குப் பழக்கம் இல்லடி. காய்ச்சலோட உக்காந்திருக்கேன். பாத்ரூம் போகாம உக்காந்திருக்கேன். கடைசி ஆளுக்கு டிக்கெட் கொடுத்துட்டுத்தான் எந்திரிப்பேன். உடம்பு அப்படியே பழகிடுச்சு."

மகள் அம்மாவின் கையைப் பிடித்தாள். ஊசி குத்திய இடம் பச்சையாகக் கன்றிப்போயிருந்தது. ஷூவைக் கொடுத்த அன்று தான் பிடுங்கிக்கொண்டது என்ன என்று நினைத்துப் பார்த்தாள். ஒரு பெண், தன் உடம்புக்கென்று, யாரையும் கேட்காமல் உண்டாக்கிக்கொண்ட இத்தனூண்டு ஓய்வு. அதைக் கைதட்டலோடு பிடுங்கியிருக்கிறாள்.

பிசியோ திரும்பி வந்தாள். "நல்லா நடந்திருக்கீங்கம்மா. இதுக்கு முன்னாடி எந்தப் பயிற்சியும் செய்யாதவங்களால இவ்வளவு தூரம் சாதாரணமா முடியாது."

"என் கிளாஸ்லதான் இவங்களுக்கு இப்படி ஆச்சு" என்றாள் மகள். ஒரு வாரமாக உள்ளே சுமந்ததை முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்வது எளிதாக இருந்தது.

பிசியோ பக்கத்தில் உட்கார்ந்தாள். "அடைப்பு ஒரு மாசத்துல வர்றது இல்லைங்க. வருஷக்கணக்கா சேர்ந்தது. நாள் முழுக்க உக்காந்தே பாக்குற வேலை. மாதவிடாய் நின்னதுக்கு அப்புறம், அதுவரைக்கும் ஒடம்பு கொடுத்துக்கிட்டு இருந்த காவல் குறைஞ்சுடும். கொழுப்பு வயித்துப் பக்கம் சேரும். தசை கரையும். தசை கரைஞ்சா சாப்பிடுற சர்க்கரை போய்த் தங்க எடம் இல்லாம ரத்தத்துலயே சுத்தும். அதனால பயிற்சி வேணும், கட்டாயம் வேணும். எந்த மாதிரின்னுதான் பாக்கணும். கிளாஸ்ல என்ன செய்வீங்க?"

"குதிக்கிறது. வேகமா ஆடுறது. ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும்."

"எடை தூக்குறது?"

"அவங்களுக்குப் பிடிக்காது. வேர்த்துக் கொட்டினாத்தான் கிளாஸ்னு நெனைப்பாங்க. டம்பெல்ஸைக் காட்டினா, பயில்வான் ஆக்கப் பாக்குறீங்களா டீச்சர்னு சிரிப்பாங்க."

"நானும் சிரிச்சேன்" என்றாள் அம்மா.

"நடை இதயத்துக்கு. எடை தசைக்கு, எலும்புக்கு, சர்க்கரைக்கு. ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமா சேரணும். குதிக்கிறது தப்பு இல்ல, எல்லாருக்கும் முதல் நாளே இல்ல. மெதுவா ஆரம்பிச்சு மெதுவா முடிக்கணும்." பிசியோ ஏதோ யோசித்தாள். "கிளாஸ்ல அவங்களைப் பேச விடுவீங்களா?"

"பேசவா?"

"ஆமா. செய்யும்போதே. ஒரு வாக்கியத்தை முழுசாச் சொல்ல முடிஞ்சா வேகம் சரி. பாட்டே பாட முடிஞ்சா இன்னும் கொஞ்சம் கூட்டலாம். வாக்கியம் பாதியில அறுந்தா குறைக்கணும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். பயிற்சியாளர் படிப்பின் முதல் வாரத்தில் சொல்லிக் கொடுத்தது. தேர்விலும் வந்தது. முழு மதிப்பெண் வாங்கினாள்.

அவள் ஹாலின் சுவரில், கண்ணாடிக்கு மேலே, சிவப்பு எழுத்தில் ஒரு வாசகம் ஒட்டியிருக்கிறது. அவளே வெட்டி அவளே ஒட்டியது. *பேச்சு வேண்டாம், வேர்வை போதும்.*

லிஃப்ட்டில் இறங்கும்போது அப்பா தலையைச் சாய்த்து அதன் சத்தத்தைக் கேட்டார். "பேரிங் போகப் போகுது. இன்னும் ரெண்டு மாசம் தாங்கினா அதிகம்."

"உங்களுக்குத்தான் எல்லாச் சத்தமும் கேக்குமே" என்றாள் அம்மா.

அப்பா கருவிப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

மத்தியானம் அம்மா தூங்கினாள். மகள் அடுக்களைக்குப் போனபோது அப்பா அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு, அது கொதித்து ஆவியாகிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கை நீட்டி அடுப்பை அணைத்தாள்.

"ஸ்பிரிங்" என்றார்.

அவள் நின்றுவிட்டாள். அது அவளுடைய வீட்டுப் பெயர். சின்ன வயதில் ஓரிடத்தில் நிற்காமல் குதித்துக்கொண்டிருப்பாள் என்று அப்பா வைத்தது. ஒரு வாரமாக அந்தப் பெயர் இந்த வீட்டில் கேட்கவில்லை.

"சொல்லுங்கப்பா."

"அவ மூச்சுச் சத்தம் மாறியிருந்துச்சு. படுத்தா ஒரு மாதிரி. ரெண்டு தலையணை வச்சுக்க ஆரம்பிச்சா. ஏன்னு கேட்டேன், கழுத்து வலின்னா. சரின்னு திரும்பிப் படுத்துட்டேன்."

"எப்ப?"

"ரொம்ப நாளாவே." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பத்து மாடிக்கு மேல இருக்குற மோட்டாரு லேசா உறுமினா கீழ நின்னே சொல்லிடுவேன். இவ என் பக்கத்துலயே படுத்திருந்தா."

மகள் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

"உன்மேல கோபமா இருந்தா என்மேல கோபப்படாம இருக்கலாம்ல? அதான் இருந்தேன்" என்றார். பிறகு வற்றிப்போன பாத்திரத்தில் புதிதாகத் தண்ணீர் பிடித்தார். "உனக்கும் டீ போடவா?"

அவள் தலையாட்டினாள். இருவரும் நின்றபடியே குடித்தார்கள். ஆறுதல் என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது. குற்றத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டாலும் அது பாதியாகக் குறைவதில்லை. இரண்டு பேரிடம் இரண்டு முழுக் குற்றமாக ஆகிவிடுகிறது.

சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து கைபேசியை எடுத்தாள். *அன்புள்ள தோழிகளே* என்று எழுதி அழித்தாள். *சில காரணங்களால் வகுப்பை* என்று எழுதி அழித்தாள். *இனிமேல் வகுப்பு நடக்காது* என்று எழுதி, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "என்னடி அவ்வளவு நேரமா எழுதுற? 'டீச்சர் டைப்பிங், டீச்சர் டைப்பிங்'னு காட்டிக்கிட்டே இருக்கு. மனுஷி எத்தனை நேரம்தான் காத்துக்கிட்டு இருக்கறது?"

அம்மாவும் அந்தக் குழுவில் இருக்கிறாள் என்பதே மகளுக்கு மறந்துவிட்டிருந்தது.

எழுந்து உள்ளே போனாள். அம்மா தலையணைகளில் சாய்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, கைபேசியைக் கை நீளத்துக்கு நீட்டிப் பிடித்திருந்தாள்.

"மூடப் போறியா?"

"ஆமா."

"மூடிட்டு?"

"வேற வேலை பாக்குறேன். எனக்கு இது வேண்டாம்மா. எனக்குக் கண்ணு இருந்தும் தெரியல."

"நான் எங்க போய் நடக்கறது அப்ப? அந்தப் பொண்ணு என்ன சொன்னா? நடை வேணும், எடை வேணும்னா."

"வீட்டுக்குள்ள நட" என்றார் வாசலில் நின்ற அப்பா.

"வீட்டுக்குள்ள நடந்தா நீங்களும் பின்னாடியே வருவீங்க, 'மெதுவா, மெதுவா'ன்னுக்கிட்டு. அதுக்கு ஆஸ்பத்திரியே தேவலை."

அப்பா போய்விட்டார். அம்மா கண்ணாடியைக் கழற்றினாள்.

"உக்காரு."

மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"என்மேல கோபம் இல்லையாம்மா?"

"இருக்கு."

மகள் நிமிர்ந்தாள்.

"இல்லைன்னா பொய். நெஞ்சு வலிச்சதுக்குக் கோபம் இல்ல. மைக்குல சொன்னியே, ஒண்ணாங்கிளாஸ் பாப்பான்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். கவுன்டர்ல கண்டவன் திட்டியிருக்கான், அதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். இது நேரா வந்துச்சு." அம்மா போர்வையின் ஓரத்தை நீவினாள். "போகும். ஆனா அவசரப்படுத்தாதே. மன்னிப்புக் கேட்டு என்னை இப்பவே 'பரவால்லடி'ன்னு சொல்ல வைக்காதே."

கேட்க நினைத்திருந்தாள். வாய்வரை வந்திருந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"கிளாஸை நடத்து. நான் வருவேன். டாக்டர் சரின்னதும் வருவேன். நிக்கணும்னு தோணுனா நிப்பேன். குனிய மாட்டேன், எதையும் கட்ட மாட்டேன், சும்மா நிப்பேன். நீ அதைப் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கணும். முடியுமா உன்னால?"

"முடியும்."

"யோசிச்சுச் சொல்லு. வாயை மூடறது உனக்குச் சுலபம் இல்ல."

மகள் எழுதி வைத்திருந்ததை அழித்தாள். வேறு எதுவும் எழுதவில்லை.

ஹால் அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் தரைத்தளத்தில். அன்று பூட்டிய பிறகு இன்றுதான் திறக்கிறாள். அடைத்த காற்றில் ரப்பர் விரிப்பின் வாசனை. யாரோ விட்டுப்போன துண்டு. மூலையில் பெரிய ஸ்பீக்கர், பேச்சு எதுவும் கேட்காதபடி அவள் தேடித் தேடி வாங்கியது. டம்பெல்கள் அடுக்கு கலையாமல், தூசியோடு.

எப்போதும் நிற்கிற இடத்துக்குப் போகாமல், கடைசி வரிசைக்குப் போனாள். அம்மா நின்ற இடத்தில் நின்றாள்.

அங்கிருந்து பார்த்தால் கண்ணாடியில் அவள் தெரியவில்லை. நடுவில் தூண் மறைத்தது. இத்தனை நாளும், எப்போதாவது திரும்பி அதட்டுவதைத் தவிர, அவள் கண்ணாடியைப் பார்த்துத்தான் வகுப்பு நடத்தினாள். அதில் தெரிந்தது முன்னிரண்டு வரிசை. அந்த இரண்டு வரிசைக்காரிகள் எடை குறைந்தார்கள், இடை குறைந்தார்கள், படம் எடுத்து அனுப்பினார்கள். அவர்களைப் பார்த்துத்தான் "எல்லோரும் நன்றாகச் செய்கிறார்கள்" என்று நினைத்திருந்தாள். முடியாதவர்கள் எல்லோரும் தாமாகவே தூணுக்குப் பின்னால் போய்விட்டிருந்தார்கள்.

நாற்காலி போட்டு ஏறி, சுவரில் இருந்த சிவப்பு எழுத்துகளை நகத்தால் சுரண்டினாள். 'பேச்சு' வந்துவிட்டது. 'வேண்டாம்' பிடிவாதம் பிடித்தது. அழுத்திச் சுரண்ட ஏதாவது வேண்டும். அலமாரியைத் திறந்தாள்.

கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பொட்டலம் இருந்தது. பிரிக்காதது. அம்மா உட்கார்ந்ததற்கு முந்தின நாள் வாங்கியது.

உள்ளே ஒரு தலைப்பட்டை. அகலமான எலாஸ்டிக், எந்த முடியையும் இறுக்கிப் பிடிக்கும் என்று கடைக்காரி சொன்னாள். கிளிப் அக்காவுக்காக வாங்கியது. எல்லோர் முன்னாலும் கொடுத்து, "இனிமே நடுவுல நிக்கவே வேண்டியதில்ல" என்று சொல்வதற்காக.

மகள் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

நின்று, கிளிப்பை எடுத்து, வாயில் கவ்வி, கூந்தலை மெதுவாகச் சுருட்டி. எத்தனை மெதுவாகச் சுருட்டுவாள் அவள்! வாயில் கிளிப் இருந்தால் யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள். தோள்கள் ஏறி இறங்குவது, கை தூக்கியிருப்பதால் தெரியாது.

கைபேசியை எடுத்தாள். விரல் இரண்டு முறை தவறான பெயரை அழுத்தியது. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நிற்கப் போகிற நேரத்தில் எடுத்தார்கள்.

"டீச்சர்..." கிளிப் அக்காவின் குரல். "அம்மா... எப்படி..."

"அம்மா வீட்டுக்கு வந்துட்டாங்க அக்கா. நல்லா இருக்காங்க. நீங்க எப்படி இருக்கீங்க?"

"எனக்கென்ன... டீச்சர். நல்லா... இருக்கேன்."

மகள் காதோடு கைபேசியை அழுத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக வார்த்தைகளை விட்டுவிட்டு, வார்த்தைகளுக்கு நடுவே இருந்ததைக் கேட்டாள்.

"ஏன் அக்கா இப்படி மூச்சு வாங்குது?"

"அது... ஒண்ணும் இல்ல. கடைக்குப் போயிட்டு... இப்பத்தான் மாடி... ஏறி வந்தேன்." ஒரு சிரிப்பு, பாதியில் அறுந்தது. "நீங்கதானே... படி ஏறச் சொன்னீங்க."

"எத்தனாவது மாடி அக்கா?"

மறுமுனையில் ஏதோ கீழே வைக்கப்படும் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு அந்த மூச்சு, கிட்டத்தில், மிகக் கிட்டத்தில்.

"முதல்... மாடிதான் டீச்சர்."